எள்ளற்பாட்டின் வழிமரபு: நந்தன் மெட்டு முதல் இணையக் காணொளி வரை

ஆய்வு மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் எமக்குக் காட்டிய காணொளி ஒன்று இக்கட்டுரைக்குத் தோற்றுவாய் ஆயிற்று. மாணவர் ஆலங்குளத்தினர். இராசபாளையத்துக்குக் கிழக்கே, விருதுநகர் மாவட்டத்தின்கண், அரசுச் சிமெண்டு ஆலையால் பெயர்பெற்ற ஆலங்குளம் அது; தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் அன்று. (இரண்டினையும் ஒன்றாகக் கொண்டு மயங்குவோர் பலராதலின் இதனை முதற்கண் கூறி வைக்கின்றோம்.) அக்காணொளியில் அவ்வூர் இளைஞர் ஒருவர் சாலையோரப் புளியமரத்தடியில் நின்று, யாவரும் அறிந்த திரைப்படக் காதற் சோகப் பாட்டொன்றின் மெட்டில், வரவேண்டிய வேளையில் வாராத பேருந்தை நோக்கிப் பாடுகின்றார். காதலி வாராமை கருதி மூலப்பாட்டில் அமைந்த இரங்கற் சொற்கள் யாவும் பேருந்துக்குப் பொருந்துமாறு மாற்றப்பெற்றுள்ளன. மூன்று நிமிடத்துக்குங் குறைந்த அப்பாட்டை ஊரார் ஒருவர்க்கொருவர் அனுப்பி மகிழ்ந்தனர். அண்டை ஊர்களிலும் அவ்விளைஞர்க்குப் 'பஸ் பாட்டுக்காரர்' என்ற பெயர் வழங்கலாயிற்று.

இத்தகைய பாட்டுக்களையே தம் ஆய்வுக்குப் பொருளாகக் கொள்ள விரும்புவதாக மாணவர் கூறியபொழுது, கருத்தரங்கில் இரண்டு வினாக்கள் எழுந்தன. 'இதற்கு வரலாறு உண்டோ?' என்பது ஒன்று. 'இஃது இலக்கியம் ஆமோ?' என்பது மற்றொன்று. உண்மையைக் கூறின், முன்னதை எழுப்பியோர் யாமே. பின்னர் நூல்களை எடுத்து நோக்கியபோது, அவ்வினா பாட்டின் குறையால் எழுந்ததன்று, எம் மறதியால் எழுந்தது என்பது விளங்கிற்று. இரண்டாம் வினாவுக்கு விடை கூறுவதினும் முதல் வினாவுக்கு விடை காண்பதே இங்கு எம் நோக்கமாகும். அதற்குரிய சான்று தமிழில் மிகுதியாக உண்டு.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். இவ்வகைப் பாட்டை 'மெட்டு மாற்றிய பாட்டு' என்று சிலர் எழுதுகின்றனர். இது பொருந்தாது, இங்கே மாறாது நிற்பது மெட்டு, மாறுவது சொல். 'கேலிப்பாட்டு', 'நையாண்டிப் பாட்டு' என்பன வழக்கில் உள்ளன. ஆயின் நையாண்டி என்ற அளவில், மூலப்பாட்டைப் பழித்தலே இதன் நோக்கம் என்ற எண்ணம் தோன்றிவிடுகின்றது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களனாகக் கூறும் நான்கனுள் எள்ளலே முதற்கண் நிற்பது. அவரே செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இருவகைப்படுத்துகின்றார். வெளிப்படப் பழிப்பது முன்னது. பழியை மறைத்து மொழிவது பின்னது. பிறர் மெட்டில் தம் சொல்லை ஏற்றிப் பாடுவோர்க்குப் பழிகரப்பே இயல்பாக அமைகின்றது. ஏனெனில் வசையின் ஒரு பாதி பாடுவோர் வாயிலும் மற்றொரு பாதி கேட்போர் நினைவிலும் உள்ளது. ஆதலின் யாம் இதனை எள்ளற்பாட்டு என்றே வழங்குவோம்.

கேட்போர் நினைவில் ஒரு பாதி இருக்கவேண்டும் எனின், நாடறிந்த மூலப்பாட்டு ஒன்று முன்னரே இருத்தல் வேண்டும். அத்தகைய மூலங்களுள் தமிழகத்தில் மிகுதியாகப் பயன்பட்டது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாற்றில் காணப்படாத வேதியராகிய பண்ணையாரை இந்நூலில் படைத்துப் புகுத்தியவர் பாரதியாரே. தில்லைக்குச் செல்ல விடை கேட்கும் நந்தனும், மறுக்கும் ஆண்டையும், 'இது நமக்குத் தகுமோ' என்று தடுக்கும் சுற்றத்தாருமாகிய முத்திறத்தாரும் அவர் கீர்த்தனைகளில் தனித்தனி மெட்டுப் பெற்றனர். 1860-களின் தொடக்கத்தில் அச்சேறிய இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வழங்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதற்கண் தயங்கியதும், இலக்கணப் பிழைகளை அவர் காரணமாகக் கருதியதும், பின்னர்ப் பாரதியார் பாடக் கேட்டு உளமுருகி இசைந்ததும் உ. வே. சாமிநாதையர் எழுதிய வரலாற்றால் அறியப்படுவன. ஏட்டில் நோக்கிய அளவில் புலமை தடுத்தது. காதாற் கேட்ட அளவில் இசைந்தது. இசையோடு கூடிய இலக்கியத்தை எழுத்தை மட்டும் கொண்டு அளப்பது எத்துணை இடர்ப்பாடுடையது என்பதற்கு இந்நிகழ்ச்சி நற்சான்று. எம் கருத்தரங்கிலும் காணொளியை ஓட்டிக் காட்டாமல் அதன் சொற்களை மட்டும் தாளில் எழுதி அவையோர்க்கு வழங்கினோம் என்பதை இங்கே நினைந்து நாணுகின்றோம்.

நந்தன் மெட்டுக்களை எள்ளலுக்கு முதலிற் கொண்டவருள் தலையாயவர் சுப்பிரமணிய பாரதியார். 1908-ஐ ஒட்டிய காலத்தில் அவர் பாடிய அரசியற் பாட்டுக்கள் சிலவற்றின் தலைப்பில், நந்தனார் சரித்திரத்து இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்ற குறிப்பு காணப்படும். அக்குறிப்பை இன்று படிப்போர் பாடுமுறை பற்றிய செய்தியாகக் கருதிக் கடந்து விடுகின்றனர். அது பாட்டின் பொருளுக்கே திறவுகோல். 'தொண்டு செய்யும் அடிமை' என்ற பாட்டில், தன்னாட்சி வேண்டும் என்று கேட்ட பாரத நாட்டவனை ஆங்கில அதிகாரி கடிந்து பேசுகின்றான். அவன் பேசும் மெட்டோ, மார்கழித் திருநாளுக்குச் செல்ல விரும்பிய நந்தனை ஆண்டை கடிந்த மெட்டு. மூலத்தை அறிந்தவன் காதில் அதிகாரியின் சொல்லோடு ஆண்டையின் குரலும் உடன் ஒலிக்கும். இங்கே பழிக்கப்படுவோர் ஆங்கிலேயர் மட்டும் அல்லர். அக்காலத்தில் அப்பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவருட் பலர் தம் ஊரில் ஆண்டைகளாக இருந்தவர். ஆங்கிலேயன்முன் தாம் நந்தனாக நிற்பதை அவர் அம்மெட்டினால் உணர்கின்றனர். உணர்ந்த அக்கணமே, தம்முன் நிற்கும் நந்தன் யார் என்ற வினா சொல்லாமலே எழுகின்றது. சொல்லில் இல்லாத இவ்வினாவை எழுப்பியது மெட்டு. பழிகரப்பு அங்கதத்துக்கு இதனினும் தக்க காட்டு இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் உளதோ என்பது ஐயமே.

அவ்வாறே, 1907 டிசம்பரில் சூரத்தில் காங்கிரசு பிளவுபட்டதை அடுத்து எழுந்த பாட்டொன்றில், மிதவாதத் தலைவர் மேத்தா திலகரை நோக்கிப் பேசுகின்றார். அதற்கு மெட்டு, நந்தனை அவன் சுற்றத்தார் 'இது நம் சாதிக்கு ஒவ்வாது' என்று தடுத்த பாட்டின் மெட்டு. ஆண்டையின் மெட்டு ஆங்கிலேயனுக்கு. அஞ்சிய சுற்றத்தாரின் மெட்டு மிதவாதிக்கு. பாத்திரம் அறிந்து மெட்டு வழங்கும் இத்திறம் தற்செயலாக வந்ததன்று.

இனி, ஆலங்குளத்துக்கு அணித்தாகிய சிவகாசியில் 1886-இல் பிறந்த விசுவநாததாசைக் கூறாது இவ்வரலாறு நிரம்பாது. சங்கரதாசு சுவாமிகளின் வள்ளி திருமண நாடகத்தில் முருகனாக வேடந்தாங்கி, தினைப்புனத்துப் பறவைகளைப் பாடும் இடத்தில் வெள்ளைக் கொக்குகளின்மேல் வைத்து வெள்ளையர் ஆட்சியைப் பாடியவர் அவர். மதுரை பாஸ்கரதாசு போன்றோர் மேடைக்கும் இசைத்தட்டுக்கும் எழுதிய நாட்டுப் பாட்டுக்கள் இவ்வாறு புராண நாடகத்தின் நடுவே இடம்பெற்றன. இங்கே கடனாகக் கொள்ளப்பட்டது மெட்டு அன்று, காட்சி. 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தைக் கையிற்கொண்டு அவைக்கண் அமர்ந்திருந்த காவலர், கொக்கைப் பற்றிய பாட்டு எவ்வாறு குற்றமாகும் என்று விளக்க முற்பட்டால் தாமே நகைக்கு ஆளாவர். ஆயினும் அவர் பன்முறை சிறை புக்கார். முடிதிருத்தும் குலத்திற் பிறந்தவர் என்பதனால் உடன் நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர் என்பர். முருகனாக மயில்மேல் அமர்ந்தவரை வணங்கிய அவை, வேடம் களைந்தபின் எவ்வாறு நோக்கியது என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. 1940 டிசம்பர் 31-இல் சென்னையில், மயில்மேல் முருகனாக அமர்ந்த நிலையிலேயே மேடையில் உயிர் நீத்தார்.

நந்தனுக்கு மீள்வோம். 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த திரைப்படங்கள், கீர்த்தனையைக் கேளாதவர்க்கும் அக்கதையைக் கொண்டு சேர்த்தன. எள்ளற்பாட்டுக்கு நிலம் மீண்டும் பண்பட்டது. 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். படத்துக்கு எழுத்து சி. என். அண்ணாதுரை, பாட்டு உடுமலை நாராயணகவி. நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்து, நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவன், பாகவதர் கோலத்தில் அமர்ந்து கதாகாலட்சேபத்தின் உறுப்புக்கள் ஒன்றும் குறையாமல் பாடுகின்றான். நந்தன் தில்லைக்குச் செல்ல விரும்பினான். கிந்தன் கல்வி பெறச் சென்னைக்குச் செல்ல விரும்புகின்றான். நந்தன் தீயிற் புகுந்து தூய்மையுற்றுத் தில்லையிற் கலந்தான், திரும்பிலன். கிந்தனோ பள்ளிக் கண்காணிப்பு அதிகாரியாகத் திரும்பி வருகின்றான்.

'கிந்தனார்' நந்தன் கதையைப் பழிப்பது என்று அன்று வருந்தியோர் உண்டு. பழித்தது நன்றே என்று மகிழ்ந்தோரும் உண்டு. இருதிறத்தாரும் ஒன்றை நோக்கிலர். கலைவாணர் நந்தனின் விழைவை நகையாடவில்லை. செல்லவேண்டும் என்ற துடிப்பும், தடுக்கும் ஆண்டையும், வழியின் அருமையும் அவ்வாறே உள்ளன. மாறியது சென்று சேரும் இடம் ஒன்றே. நகை பிறப்பது, தில்லை என்று எதிர்பார்த்த காதில் சென்னை என்று விழும் அவ்விடைவெளியில். கொலை வழக்கொன்றில் 1944-இன் இறுதியில் சிறை புகுந்து, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற முறையீட்டின் பின் 1947-இல் மீண்டவர் அவர் என்பதையும், மீண்டபின் இவ்வளவு தெளிந்த நகையை அவரால் தர இயன்றது என்பதையும் எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே மிகுகின்றது.

கலைவாணர்க்குப் பின் வந்த காலத்தை விரைந்து கடக்கலாம். மேடைகளிலும் கல்லூரி விழாக்களிலும் எள்ளற்பாட்டு வாழ்ந்தது. 2000-களில் விசய் தொலைக்காட்சியின் 'லொள்ளு சபா' திரைப்படங்களை முழுமையாகவே நகலெடுத்து எள்ளியது. சந்தானம் அதன்வழிப் புகழ் பெற்றார். 2010-இல் 'தமிழ்ப்படம்' வந்தது. ஆயினும் கொட்டகையும் நிலையமும் படநிறுவனமும் இசைந்தால் அன்றி எள்ளுவோர்க்கு அவை கிடைக்காத நிலையே அதுகாறும் இருந்தது. அமெரிக்க நாட்டிலும் நிலைமை இதுவே. 'வியர்டு ஆல்' யாங்கோவிக் என்பார் 1979-இல் கல்லூரிக் கழிவறை ஒன்றில், எதிரொலி நன்கு அமையும் என்று கருதி, அக்கார்டியன் இசைத்துத் தம் முதல் எள்ளற்பாட்டைப் பதிவு செய்தார். வானொலி நிகழ்ச்சியாளர் ஒருவர் அதனை ஒலிபரப்ப இசைந்தமையாலேயே அவர் வெளிப்பட்டார். 1984-இல் மைக்கேல் சாக்சன் பாட்டை உணவுப் பாட்டாக மாற்றி உலகப் புகழ் எய்திய பின்னும், மூலக்கலைஞரிடம் இசைவு பெற்றே பாடும் வழக்கத்தை அவர் விடவில்லை.

2005-இல் யூடியூப் தோன்றியபின் அவ்வாயில் திறந்தது. தமிழகத்தில் அவ்வாயிலுட் புகுந்த முன்னோடிகளுள் ஒருவர் மதுரையைச் சார்ந்த வில்பர் சற்குணராசு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கழுத்துப்பட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, 'லவ் மேரேஜ்', 'சிக்கன் 65' முதலிய பாட்டுக்களை எளிய கருவிகளாற் படமாக்கி வெளியிட்டார். அவர் எள்ளியது ஒரு பாட்டை அன்று, திரைப்பாட்டு என்னும் வகையையே. கதாநாயகன் செய்வன யாவற்றையும் அவர் மாறாத முகத்தோடு செய்கின்றார். பொருளோ சாலையோர உணவும் வீட்டுத் திருமணமும். தம்மைத் தாமே நகைக்கு ஆளாக்குகின்றாரா, நம்மை ஆளாக்குகின்றாரா என்ற ஐயம் இறுதிவரை தீர்வதில்லை. 2011 நவம்பரில் வெளிவந்த கொலவெறிப் பாட்டைத் தொடர்ந்து வந்த சொன்மாற்றுப் பாட்டுக்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை மறக்கப்பட்டன. மறக்கப்பட்டது முறையே என்று கூறத் தயங்கோம். மூலத்தின் புகழை உண்பதன்றி அவற்றுக்கு வேறு வேலை இல்லை.

வேறு வேலை உடைய பாட்டு ஒன்று 2015 சூலை 30-ஆம் நாள் வெளிவந்தது. சென்னையைச் சார்ந்த சொல்லிசைக் கலைஞர் சோஃபியா அசுரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' அது. கொடைக்கானலில் 1980-களில் தொடங்கப்பெற்று, பின்னர் இந்துசுத்தான் யூனிலீவர் நிறுவனத்தின் கைக்கு வந்த வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊரிலிருந்த பழம்பொருட் கடையிற் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து 2001-இல் மூடப்பெற்றது. தொழிலாளர் பல்லாண்டு முறையிட்டனர். 2006-இல் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். செய்தித்தாள்களின் உட்பக்கத்தில் கிடந்த இவ்வழக்கைச் சோஃபியா, நிக்கி மினாசு என்னும் அமெரிக்கப் பாடகியின் 'அனகோண்டா' என்ற பாட்டின் மெட்டில் ஏற்றினார். சில நாட்களில் அதன் பார்வை பத்து இலட்சத்தைக் கடந்தது. மூலப்பாட்டைப் பாடியவரே அதனைப் பகிர்ந்தார். நிறுவனத்தின் உலகத் தலைவர் வெளிப்படையாக மறுமொழி கூற நேர்ந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

பாட்டினால் உடன்பாடு வந்தது என்று யாம் கூறவில்லை. பாட்டுக்கு முன் பதினான்கு ஆண்டுப் போராட்டமும், ஒன்பது ஆண்டு வழக்கும் உண்டு. நிறுவனமும் உடல்நலக் கேட்டுக்குத் தான் பொறுப்பு என்று ஏற்றிலது. மனிதநேயம் கருதியே தொகை வழங்குவதாகக் கூறிற்று. ஆயின் அவ்வழக்கை உலகு நோக்கும் நாள் எது என்பதைக் குறித்ததில் அப்பாட்டுக்குப் பங்குண்டு. இங்கே நிக்கி மினாசு பழிக்கப்படவில்லை என்பது நோக்கற்பாலது. 'அனகோண்டா' தானே 1992-இல் வெளிவந்த வேறொருவர் பாட்டின் பகுதியை எடுத்து அமைந்தது, கடன்மேற் கடன். அம்மெட்டு சோஃபியாவுக்கு ஊர்தி மட்டுமே. பாரதியார் நந்தன் மெட்டைக் கொண்டதற்கும் இதற்கும் வேறுபாடு இவ்விடத்திலேயே உள்ளது. நந்தன் மெட்டு தன் கதையையும் உடன் சுமந்து வந்தது. 'அனகோண்டா' மெட்டு தன் புகழை மட்டும் சுமந்து வந்தது. முன்னது கேட்போரைத் தம் நெஞ்சினுள் நோக்கச் செய்தது. பின்னது கேட்போரை அழைத்துக் கூட்டியது. இரண்டும் வேண்டுவனவே எனினும், இலக்கியம் பயில்வோர் அவற்றைப் பிரித்தறிதல் கடன். சொற்கள் ஆங்கிலமாதலின் தமிழாய்வுக்கு இது புறம்பு என்று கூறுவோரும் உளர். 2017-இல் டி. எம். கிருஷ்ணா கச்சேரி முறையிற் பாடிய, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை பொறம்போக்குப் பாடல்' தமிழே. அதனை இயக்கிய இரதீந்திரன் பிரசாத்தே கொடைக்கானற் காணொளியையும் இயக்கியவர். ஒரே கையினின்று வந்த இரண்டை மொழியெல்லை கருதிப் பிரித்து ஆராய்வது வரலாற்று முறைக்கு ஒவ்வாது.

மெட்டைக் கடன் கொள்ள உரிமை உண்டோ என்ற வினாவையும் மாணவர் ஆராய வேண்டும் என்றோம். பாரதியார்க்கு அது வினாவாகவே தோன்றியதில்லை. மெட்டின் பெயரைத் தலைப்பில் எழுதியதே அவர் செலுத்திய நன்றி. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு திறனாய்வுக்கு விலக்களிக்கின்றது; எள்ளல் என்ற சொல் அதன்கண் இல்லை. ஆயினும் 1996-இல் கேரள உயர்நீதிமன்றம், புகழ்பெற்ற மலையாள நாடகம் ஒன்றன் காட்சிகளை எடுத்து அதற்கு எதிர் நாடகம் இயற்றிய சிவிக் சந்திரனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1994-இல் எள்ளற்பாட்டு ஒன்றனுக்கே இடங்கொடுத்தது. எனினும் இணையத்தில் வழக்கு நடுவர்முன் செல்வதற்குமுன்னரே, இசை உரிமையாளர் முறையிட்ட அளவில் காணொளி நீக்கப்பெறலாம். சிற்றூர் இளைஞர் எவர் அதற்காக நீதிமன்றம் செல்வார்?

நீக்கப்பெற்றவற்றைக் காப்பவர் யார் என்பதே எம்மை வருத்துவது. விடுதலைக் காலத்து மேடைப் பாட்டுக்களுள் பல இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், அவற்றைத் தடை செய்த ஆங்கில அரசு தடைக்குச் சான்றாக ஒவ்வொரு படியை எடுத்துக் கோப்பில் வைத்தமை. தியடோர் பாஸ்கரன் 1981-இல் வெளியிட்ட நாடக, திரைப்பட வரலாற்று நூல் அத்தகைய அரசுக் கோப்புக்களையும் துணைக்கொண்டு எழுதப்பெற்றது. அழிக்க முனைந்த கையே காத்தது. இணைய நிறுவனம் நீக்கும் காணொளிக்கோ அத்தகைய கோப்பும் இல்லை.

ஆலங்குளத்துப் பேருந்துப் பாட்டை மீண்டும் காண விரும்பி, சில திங்களுக்குப் பின் மாணவரிடம் கேட்டோம். பாடிய இளைஞர் வேலை தேடி வெளியூர் சென்றார், கைப்பேசியை மாற்றினார், பாட்டு அவரிடமும் இல்லை, இணையத்திலும் இல்லை. மாணவர் முன்பே தம் குறிப்பேட்டில் அதனைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தார். மேலே இன்ன படத்து இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்றும், கீழே சொற்கள் அடி பிரித்தும், பாடியவர் சிரித்த இடத்தில் 'சிரிப்பு' என்று பிறை வளைவினுள்ளும் எழுதியிருந்தார். ஓர் அடியில் மட்டும் இரண்டு சொற்கள் விளங்கவில்லை. அவ்விடத்தில் லாரி ஒன்று கடந்து சென்றதாம். அவ்விரு சொற்களுக்கும் உரிய இடத்தை வெற்றிடமாக விட்டிருந்தார். ஏட்டுச்சுவடியிற் செல்லரித்த இடத்துக்குப் பதிப்பாசிரியர் புள்ளியிடும் முறையில் அவ்விடத்தும் புள்ளியிடுமாறு கூறினோம். அவர் ஆய்வுத் தலைப்புக்குத் துறை இசைவு வழங்கியுள்ளது.